சீமைக்காரர் வீட்டுப் பிள்ளை

டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் பாச்சை உருண்டை வாசம் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வருஷா வருஷம் தை பிறந்ததும் அந்தக் கம்பளிக் கோட்டை வெயிலில் உலர்த்தி, புது உருண்டை போட்டு மடித்து வைப்பாய். நீ போன பிறகு அதை நான் செய்துகொண்டிருந்தேன். இனி அந்த வேலை இல்லை. கோட்டு கப்பலேறிவிட்டது. உன் தம்பி செல்லையா அதைப் போட்டுக்கொண்டு அமெரிக்காவுக்குப் போயிருக்கிறான், வர்த்தகப் படிப்புப் படிக்க.

நல்ல சேதிதானே, அதற்கு ஏன் களவாடி மாட்டிக்கொண்டவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்பாய். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். இதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு யாரும் கிடையாது.

போடி கடைத்தெருவில் இன்றைக்கும் எனக்குச் சீமைக்காரர் என்றுதான் பெயர். "சீமைக்காரரே, ஏலக்காய் என்ன விலை போகுது?" என்று சின்னப்பயல்கூடக் கேட்கிறான். தனுஷ்கோடிக்கு அப்பால் ஒரு அடி எடுத்து வைக்காதவனுக்கு இந்தப் பட்டம். ஒவ்வொரு தடவையும் காது சூடாகும். உனக்கோ வாய்கொள்ளாத சிரிப்பு. "பேரு வச்சவுக வச்சுட்டாக, திருப்பிக் குடுக்கவா முடியும்?" என்பாய்.

அந்தப் பட்டத்தைச் சம்பாதித்துக் கொடுத்தவர் உன் அப்பா, என் மாமா. நான் மதுரையில் பி.ஏ. முடித்து வந்த கையோடு என்னைத் தன் ஏலக்காய்க் கடைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "காய் காய்க்கிறது நம்ம மலையில. விலையைச் சொல்றவன் லண்டன்ல உக்காந்திருக்கான். அவன் என்னத்தைப் படிச்சுட்டு அங்கன உக்காந்திருக்கானோ, அதை நம்ம வீட்டுல ஒருத்தன் படிக்கணும்ல மாப்ளே?" என்றார். லண்டன் பி.காம். படிப்புக்கு மனுப் போட்டது, இடம் கிடைத்தது, கப்பலுக்குச் சீட்டுப் பதிந்தது எல்லாம் அவர் ஏற்பாடு. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் மட்டும் நான் எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை.

உன் ஆத்தா, என் அத்தை, ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "போகட்டும். ஆனா கால்கட்டு போட்டுத்தான் அனுப்பணும். சும்மா விட்டா ஒரு வெள்ளைக்காரியக் கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிப்பான் என் அண்ணன் மகன்." அந்தக் கால்கட்டு நீ. பங்குனியில் கல்யாணம், வைகாசிக் கடைசியில் கப்பல். இடைப்பட்ட நாளெல்லாம் விருந்து. சின்னமனூரில் என் சித்தப்பா வீட்டில், பண்ணைப்புரத்தில் உன் பெரியம்மா வீட்டில், உத்தமபாளையத்தில் மாமாவோடு தொழில் செய்த ராவுத்தர் வீட்டில். போன இடமெல்லாம் "சீமை மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி" என்று இலையில் சாய்த்தார்கள். நான் தின்றேன். அத்தனை பேர் வீட்டுச் சோற்றையும் தின்றுவிட்டுத்தான் பிறகு அப்படிச் செய்தேன்.

மாமா ஒரு எஸ்டேட் பங்களா பட்லரிடம் சொல்லி முள்கரண்டியும் கத்தியும் வாங்கி வந்திருந்தார். உனக்கு நினைவிருக்கும். அடுக்களையில் என்னை உட்கார வைத்துத் தோசையை அறுக்கச் சொன்னாய். கத்தி வழுக்கி, தோசை பறந்து, சட்னிக் கிண்ணத்தில் விழுந்தது. நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாய். "ஆத்தாடி, தோசை என்ன பாவம் பண்ணுச்சு? லண்டன்காரன் கேட்டா எனக்குச் சோறு செல்லாதுன்னு சொல்லிடுங்க" என்றாய். கல்யாணமாகி அன்றைக்குத்தான் முதன்முதலாக என் முன்னால் வாய்விட்டுச் சிரித்தாய்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டியை அடுக்கிக்கொண்டே கேட்டாய்: "உங்களுக்குப் போக இஷ்டந்தானா?" அதுவரை என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. "இதென்ன கேள்வி? இஷ்டந்தான்" என்று வெடுக்கென்று சொன்னேன். நீ என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாய். கண்டுபிடித்துவிட்டாய் என்று எனக்கு அப்போதே தெரியும்.

போடியில் அப்போது ரயில் இருந்தது. ஜெர்மன் சண்டைக்கென்று தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனதெல்லாம் பின்னால்தானே. நிறைகுடமும் மாலையும் மேளமுமாக ஊரே ஸ்டேஷனில் நின்றது. வைகாசி வெயிலில் மாமா அந்தக் கம்பளிக் கோட்டை எனக்கு மாட்டிவிட்டார். "கழட்டாம போகணும், பாக்கிறவன் மதிக்கணும்" என்றார். மதுரை வரைக்கும் வேர்த்து ஊற்றியது. மதுரையில் மாறி ஏறிய வண்டியில் என்னெதிரே பட்டணத்துப் பையன்கள் இரண்டு பேர். அவர்களும் லண்டனுக்குத்தான் படிக்கப் போகிறார்கள். அவர்கள் பேசிய இங்கிலீஷில் பாதி எனக்கு விளங்கவில்லை. நானும் பி.ஏ. படித்தவன்தான். என்னைப் பார்த்து ஒருவன் ஏதோ கேட்டான். தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

விடிந்தபோது பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். நம் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை நின்று கண்ணைத் தாங்கிக்கொள்ளும். அங்கே தாங்க ஒன்றுமில்லை. தனுஷ்கோடியில் இறங்கினேன். தலைமன்னாருக்குப் போகும் நீராவிக் கப்பல் துறையில் நின்றது. அங்கிருந்து கொழும்பு, கொழும்பில் பெரிய கப்பல். எல்லோரும் ஏறினார்கள். அந்தப் பட்டணத்துப் பையன்களும் ஏறினார்கள். நான் மணலில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். கப்பல் ஊதிவிட்டுப் போனது. சீக்கில்லை, சீட்டுத் தொலையவில்லை, யாரும் தடுக்கவில்லை. பயம், அவ்வளவுதான். அதற்கு இன்றுவரை எனக்கு வேறு பெயர் கிடைக்கவில்லை.

திரும்பி வந்தவன் போடி வரை ரயிலில் வரத் துணியவில்லை. தேனியிலேயே இறங்கி, பெட்டியைத் தெரிந்த கடையில் போட்டுவிட்டு, மாட்டு வண்டியில் வந்து, பொழுது சாயும் நேரத்தில் மாமா வீட்டுக் கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். நீ கிணற்றடியில் நின்றாய். அந்தப் பாழாய்ப்போன கோட்டு இன்னும் என் உடம்பில் இருந்தது.

"மொதல்ல அதைக் கழட்டுங்க. மூஞ்சியக் கழுவுங்க" என்று வாளியை நகர்த்தி வைத்தாய். நான் கழுவினேன். "பயமா இருந்துச்சு" என்றேன். "வண்டியில ஏதாச்சும் சாப்பிட்டீகளா?" என்றாய். "மாமா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்று கேட்டு அழுதேன். பி.ஏ. படித்த ஆண்பிள்ளை, கிணற்றடியில், கட்டிய பெண்டாட்டி முன்னால். நீ கயிற்றைச் சுருட்டி வைத்தாய். பிறகு "சரி, இங்கனயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய்.

அடுத்து நான் கேட்டது அத்தையின் குலவைச் சத்தம். நீ உள்ளே போய்ச் சொன்னது இதுதான்: உனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. கிளம்பும் முன்னே என் காதில் போட்டாயாம். நிச்சயமாகத் தெரியாமல் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டாயாம். போன மனுஷனுக்குத் தனுஷ்கோடிக் கரையில் மனசு கேட்கவில்லையாம். பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் கடல் தாண்டக் கூடாது என்பது நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? தாண்டினால் பிள்ளை தங்காது என்பார்கள். அந்த ஒரு வழக்கத்தைப் பிடித்து என்னை வீட்டுக்குள் இழுத்துவிட்டாய்.

மாமா என்னைக் கட்டிக்கொண்டார். "லண்டன் எங்கயும் போயிடாது மாப்ளே. வம்சம் முக்கியம்" என்றார். சொல்லிவிட்டு அந்தக் கோட்டை எடுத்து அவரே மடித்து வைத்தார். ஊர் என்னை ஏசும் என்று பயந்தேன். ஊர் மெச்சியது. பெண்டாட்டி பிள்ளைக்காகச் சீமையையே உதறிவிட்டு வந்தவன் என்று உத்தமபாளையம் வரைக்கும் பேச்சு. ராவுத்தர் ஆள் அனுப்பிப் பழக்கூடை கொடுத்தார். கூடையை வாங்கிய கை கூசியது. ஏசியிருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும்.

ஒரு வாரம் கழித்து நீ என்னிடம் தனியே சொன்னதை வரி பிசகாமல் சொல்வேன். "நல்லா யோசிங்க. அடுத்த கப்பலுக்குப் போறேன்னு சொன்னீகன்னா, நாள் கணக்குத் தப்பிப்போச்சுன்னு நான் ஆத்தாகிட்டச் சொல்லிக்கிறேன். நாலு பேரு சிரிப்பாக. சிரிச்சுட்டுப் போறாக. போகலைன்னா அப்படிச் சொல்ல முடியாது. அப்பா ஒங்களை மறுநாளே கிளப்பிருவாக. பிள்ளை வந்து தங்கலைன்னுதான் சொல்லணும், அப்பத்தான் ஆத்தா ஒங்களை மறுபடி கடல் பக்கம் அனுப்ப விடாது. எதுன்னு நீங்க சொல்லுங்க. அவசரமில்லை."

இரண்டு மாதத்துக்கு மேல், இல்லாத பிள்ளைக்கு அந்த வீட்டில் எல்லாம் நடந்தது. மாங்காய் வந்தது, வளையல் வந்தது. அத்தை உன்னைக் குடம் தூக்க விடவில்லை. ஒவ்வொரு நாளும் நீ என் முகத்தைப் பார்ப்பாய். நான் கடைக்குப் போய்விடுவேன். கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, உன்னைப் பார்க்காமல், "போகலை" என்றேன். நீ துண்டை நீட்டினாய். மறுநாள் காலையில் படுத்துக்கொண்டாய். அத்தை உன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே, பிள்ளை பெற்ற உடம்புக்குக் கொடுக்கிற காய மருந்தை இடித்து உருட்டிக் கொடுத்தாள். அந்தக் காரத்தையும் கசப்பையும் முகம் சுளிக்காமல் விழுங்கினாய். நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என் தோளையும் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

முதல் ஒன்றிரண்டு வருஷம் உனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. நாம் சண்டை போட்டால், "நம்ம பிள்ளை இருந்திருந்தா இந்நேரம் ஒங்களைக் கேட்டிருப்பான்" என்பாய். இன்னொரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே, "இந்தா பாருங்க, இப்ப அவனுக்குப் பல்லு முளைச்சிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். பிறகு மெய்யான பிள்ளை வரவில்லை. வரவே இல்லை. நீ எப்போது அந்தப் பேச்சை விட்டாய் என்று எனக்குத் தெரியாது. விட்டுவிட்டாய் என்பதையே வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். இதைவிடக் கேவலம் ஒரு புருஷனுக்கு என்ன இருக்கிறது?

என் அம்மா இரண்டாம் கல்யாணப் பேச்சை எடுத்தபோது குறுக்கே நின்றதும் அந்தப் பிள்ளைதான். "ஒரு தடவ வயித்துல வந்துச்சுல்ல. வந்த வயிறு மறுபடியும் குடுக்கும். பொறுங்க மதினி" என்று அத்தை வாதாடுவாள். அம்மா அடங்கிவிடுவாள். எனக்காக நீ சொன்ன பொய் உனக்கே ஒரு கூரையாகிவிட்டது. ஊர் உன்னை அந்த ஒரு வார்த்தை சொல்லி ஏசாமல் இருந்தது அதனால்தான். மலைக் காய்ச்சலில் நீ போனபோதுகூட, "ஒரு பிள்ளை வயித்துல வந்தும் குடுத்து வைக்காத மகராசி" என்றுதான் ஒப்பாரி வைத்தார்கள்.

இனி செல்லையா விஷயம். மாமா போன பிறகு கடை அவன் கைக்கு வந்தது. அப்பா ஆசைப்பட்ட படிப்பு அவன் மண்டையில் ஏறிக்கொண்டது. அமெரிக்காவில் வியாபார நிர்வாகம் என்று ஒரு பட்டம் இருக்கிறதாம். இடம் கிடைத்துவிட்டது, பம்பாயில் கப்பலும் பதிந்தாகிவிட்டது. அப்போது அவன் பெண்டாட்டிக்கு மாதம் தள்ளிப்போனது. இது நிஜம், அந்தப் பெண் எதைப் பார்த்தாலும் வாந்தி எடுத்தாள்.

அத்தை வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "ஏலே, ஒங்கக்காளுக்கு ஆனது மறந்து போச்சா? அந்த மனுசன் கடக்கரை வரைக்கும்தான் போனான். அதுக்கே தங்கலை. நீ ஏழு கடல் தாண்டப் போறியா?" அந்தச் சின்னப்பெண் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து அழுதது. "போனா அண்ணி பிள்ளை மாதிரி ஆயிரும்" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதது.

செல்லையா என்னிடம் வந்தான். "மச்சான், நீங்க சொல்லுங்க. போகவா, வேணாமா? நீங்க சொல்றதை ஆத்தா கேக்கும். நீங்கதான் இதை அனுபவிச்சவுக" என்றான். அனுபவித்தவன்! யோசித்துச் சொல்கிறேன் என்று அவனை அனுப்பிவிட்டேன். அவனுக்கு உன் முகம், தெரியுமா? நான் அப்படி நழுவியபோது அவன் பார்த்த பார்வையும் உன் பார்வைதான். சொன்னால் என் மானம் போகும் என்று மட்டும் முதலில் தோன்றியது. உன்னைப் பற்றி எனக்கு இரண்டாவதாகத்தான் தோன்றியது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் போனேன். மூன்று பேரும் கூடத்தில் இருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். "அத்தை, அன்னைக்குப் பிள்ளையே இல்லை. நான் பயந்துபோய்த் திரும்பி வந்தேன். என்னைக் காப்பாத்த அவ சொன்ன பொய் அது. கடலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது." அந்தச் சின்னப்பெண்ணைப் பார்த்தும் சொன்னேன்: "ஒனக்கு ஒன்னும் ஆகாது தாயி."

செல்லையா தலையைக் குனிந்துகொண்டான். எனக்காக அவன் வெட்கப்பட்டான். அந்தப் பெண் அழுகையை நிறுத்தி, "அப்ப அண்ணிக்கு ஒன்னுமே ஆகலையா?" என்று மெல்லக் கேட்டாள். அத்தை மட்டும் வெற்றிலையை மடித்தபடியே இருந்தாள்.

"தெரியும்யா" என்றாள். "பெத்தவளுக்குத் தெரியாதா? அந்த ரெண்டு மாசமும் விடியக் கருக்கல்ல எந்திரிச்சு அவ தீட்டுத்துணியை அவளே கொல்லையில அலசுனா. பாத்துக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்."

"தெரிஞ்சுக்கிட்டேவா இவனைப் போகாதன்னீக?" என்று கேட்டேன்.

"ஆமா. ஒன்னையத் திரும்ப வீட்டுக்குக் கொண்டாந்த பொய்யி. என் மகனையும் நிறுத்திக் குடுக்கட்டுமேன்னு பாத்தேன். எனக்குன்னு இவன் ஒருத்தன்தானே மிச்சம்" என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள். பிறகு மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் தட்டிலேயே திரும்ப வைத்தாள். "இவன் போகட்டும். நான் மறிக்கலை. ஆனா ஒன்னு சொல்றேன் கேட்டுக்க. அவ பெத்தது அந்த ஒரு பிள்ளையத்தான். அதையும் இல்லேன்னுட்டியேய்யா."

எனக்கு உட்காரத் தோன்றவில்லை. போகவும் தோன்றவில்லை. என்னைக் காப்பாற்ற அந்தப் பிள்ளையை நீ உண்டாக்கினாய். நான் "போகலை" என்றதும் உன் கையாலேயே முடித்தாய். மிச்சமிருந்த பேரையும் நான் போய் அழித்துவிட்டு வந்தேன். செல்லையாவின் படிப்புக்காகத்தான், சரிதான். ஆனால் அன்றைக்கே கப்பலேறியிருந்தால், இல்லை, அன்றைக்கே மாமாவிடம் பயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உன்னை இப்படி இரண்டு தடவை வெறுங்கையோடு நிறுத்தியிருக்க மாட்டேன்.

செல்லையா புறப்பட்ட அன்று கோட்டை நானே அவனுக்கு மாட்டிவிட்டேன். "பயமா இருக்கா?" என்று கேட்டேன். "ஆமா மச்சான், ரொம்ப" என்றான் சட்டென்று. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான்! சொல்லிவிட்டு மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டான்.

அத்தை வீட்டில் இப்போது உன் பிள்ளையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். எனக்கு மட்டும் அவன் போகவில்லை. நீ கீரை ஆய்ந்துகொண்டே பல் முளைத்திருக்கும் என்று சொன்ன இடத்திலிருந்து நான் கணக்கு வைத்துக்கொண்டு வருகிறேன். இந்நேரம் மீசை அரும்பியிருக்கும். என்னைப் போலத் தலையாட்டுகிறவனாக இருக்க மாட்டான், உன் வளர்ப்பு. அந்தக் கோட்டு அவனுக்குத் தோளில் மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று இருந்திருக்கும்.